வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒயரிங்: கோளாறைக் கண்டுபிடித்த மூன்று பேரின் அனுபவங்கள்

திருவிழாக்களுக்கு மைக் செட் போடும் மாமா தன் பழைய வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்தனுப்பினார். அவுட்புட்டில் ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு இ.எல்.84 வால்வுகள், அதற்கு முன்னால் சிறு சிக்னலைப் பெருக்கும் இ.சி.சி.83 வால்வு. கடையில் ஃபில்டர் கண்டென்சரை (டி.சி. மின்சாரத்தைச் சீராக்குவது) மாற்றிய பிறகுதான் உறுமல் ஆரம்பித்ததாம். புதுக் கண்டென்சரே போலிச் சரக்குதானோ என்று அவருக்குச் சந்தேகம்.

சீரிஸ் பல்பு (ஷார்ட் இருந்தால் கரண்டைக் கட்டுப்படுத்த வரிசையில் மாட்டும் பல்பு) வழியாகத்தான் முதலில் கரண்ட் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. சரி, ஷார்ட் இல்லை. வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் உறுமல் குறையவில்லை. அணைத்து, இ.சி.சி.83-ஐக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் சத்தமே இல்லை. ஆக, அந்த வால்வு இருக்கும் இடத்தில்தான் ஏதோ நுழைகிறது.

அப்புறம் சத்தத்தின் சுருதியைக் கவனித்தேன். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயரிலிருந்து வருவது 50 ஹெர்ட்ஸ், கனமான ‘ம்ம்ம்’. ஏ.சி.-யை டி.சி.-யாக்கும் ரெக்டிஃபையர் பக்கமிருந்து வருவது 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். இது கரகரப்பு ரகம்.

சேஸிஸைக் கவிழ்த்ததும் விஷயம் புரிந்தது. இ.சி.சி.83-இன் கேத்தோடு (எலக்ட்ரான்கள் புறப்படும் முனை) ரெசிஸ்டர் எர்த் ஆகும் அதே டேகில் (ஒயர்களை ஈயம் வைத்துச் சேர்க்கும் முனை) புதுக் கண்டென்சரின் மைனஸையும் சேர்த்து ஈயம் வைத்திருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப் (சுருளின் நடுவிலிருந்து வரும் ஒயர்) சேஸிஸின் மறுகோடியில். கண்டென்சர் சார்ஜ் ஆகும் ஒவ்வொரு முறையும் கரண்ட் அந்த டேக் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். அங்கே விழும் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் போதும், இ.சி.சி.83 அதையும் பெருக்கித் தள்ளிவிடும்.

சென்டர் டேப் ஒயரை நேராகக் கண்டென்சரின் மைனஸுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரே ஒரு ஒயரை இன்புட் ஜாக் பக்கம் சேஸிஸில் சேர்த்தேன். இப்போது ஹாரனில் காதை வைத்தால்தான் ஏதோ கேட்கிறது. கண்டென்சரில் ஒரு குறையும் இல்லை!

* * *

என்னிடம் வந்தது உறுமவில்லை, ஊளையிட்டது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை ரீவைண்டிங் செய்து மாட்டியிருந்தார்கள். ஆன் செய்து வால்வு சூடானதும் ஸ்பீக்கர் அலறியது. அவுட்புட்டில் ஒரு பங்கை முன்பக்கம் திருப்பி அனுப்பும் ஃபீட்பேக் ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றினேன், உடனே அமைதி. டிரான்ஸ்ஃபார்மரின் முனைகள் இடம் மாறியதால் நெகட்டிவ் ஃபீட்பேக் பாசிட்டிவ் ஆகிவிட்டிருந்தது. அவுட்புட் வால்வுகளின் பிளேட்டுக்கு (எலக்ட்ரான்களை வாங்கும் தகடு) போகும் இரண்டு ஒயர்களையும் மாற்றிப் போட்டதும் தீர்ந்தது. அல்ட்ராலீனியர் டேப் (வால்வின் ஸ்கிரீன் கிரிட்டுக்குப் போகும் இடைமுனை) உள்ள டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அந்த டேப்களின் இரண்டு ஒயர்களையும் கூடவே மாற்ற வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

* * *

அண்ணா, எங்கள் வீட்டு ரேடியோகிராமில் (ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்த பெட்டி) ஒரு இ.எல்.84-இன் பிளேட் மட்டும் செக்கச்செவேலென்று சிவந்தது. வேறு வால்வு போட்டாலும் அதே சாக்கெட்டில் அதே சிவப்பு. வால்வைக் கழற்றிவிட்டு, வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட் வரும் 2-ஆம் பின்னில் மீட்டர் வைத்தேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 9 வோல்ட் பாசிட்டிவ். முந்தைய வால்விலிருந்து சிக்னலை மட்டும் விட்டு டி.சி.-யைத் தடுக்க வேண்டிய பழைய பேப்பர் கப்ளிங் கண்டென்சர் கசிந்துகொண்டிருந்தது. மாற்றியதும் பிளேட் பழையபடி கறுப்பாகிவிட்டது.

அடிப்பக்கமிருந்து பின்களை எண்ணும்போது பின்களுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளியில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் எண்ணுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். சில கிலோ ஓம் உள்ள 10 வாட் ரெசிஸ்டரை அந்தக் கண்டென்சரின் இரு முனைகளுக்கும் குறுக்கே கிளிப் போட்டு இணைத்து, மீட்டரில் முள் இறங்குவதைப் பார்த்த பிறகே நான் உள்ளே கை வைப்பேன்.

மாமாவின் ஆம்ப்ளிஃபையரில் கப்ளிங் கண்டென்சர் இன்னும் பழையதுதானே? திருப்பிக் கொடுப்பதற்குள் அந்த 2-ஆம் பின்னையும் பார்த்துவிடுங்கள் அண்ணா.