எம்டிசி டிரம் ஏற்றும்போது பழுப்பு கார்ட்ரிட்ஜ் ஏன் தாங்கவில்லை?

ஷிப்ட் சூப்பர்வைசர், கடலூர் சிப்காட்
பல்க் டிரக் (மருந்து மூலப்பொருள்) யூனிட். 200 லிட்டர் டிரம்மிலிருந்து வாக்குவம் போட்டு எம்டிசி (மெத்திலீன் டைகுளோரைடு) ரியாக்டருக்கு ஏற்றுகிறோம். ஹாஃப் மாஸ்க், அதில் பழுப்புப் பட்டை ஏ2 கார்ட்ரிட்ஜ் (கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி), நீல நைட்ரைல் கையுறை. டொலுவீனுக்குத் தாங்குற அதே கார்ட்ரிட்ஜில், எம்டிசி என்றால் சீக்கிரமே வாசனை வருது. ஆட்களுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு. கார்ட்ரிட்ஜ் டூப்ளிகேட்டா?

சேஃப்டி ஆபீசர், குடிகாடு
டூப்ளிகேட் இல்லைங்க, வகையே தப்பு. ஏ வகை 65 டிகிரிக்கு மேல் கொதிக்கிற கரைப்பானுக்கு. டொலுவீன் 111 டிகிரி. எம்டிசி 40 டிகிரியிலேயே கொதிக்கும், கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கிற கரியில் நிற்காமல் நழுவிடும். நம்ம கடலோர ஈரப்பதம் வேற கரியை நிரப்பிடும். இந்த மாதிரி சீக்கிரம் கொதிக்கிறதுக்கு ஏஎக்ஸ் வகை உண்டு, ஆனால் ஒரு தடவை பிரித்தால் அந்த ஷிப்டோடு குப்பைக்கு.

வாசனையை நம்பவே நம்பாதீங்க. ஏசிஜிஐஎச் (அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பு) சொல்லும் எட்டு மணி நேர வரம்பு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு). பலருக்கு அதைவிட நன்றாக ஏறின பிறகுதான் மூக்கில் தெரியும். உடம்புக்குள் இது கார்பன் மோனாக்ஸைடாக மாறுது, புகை பிடிக்கிறவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இரட்டை அடி. அமெரிக்க ஓஷா (தொழிலாளர் பாதுகாப்புத் துறை) விதி இதுக்கு கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கையே ஏற்பதில்லை, ஏர்லைன்தான் (வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வரும் மாஸ்க்).

ப்ராசஸ் ஆள், புதுச்சேரி
கையுறையும் மாறணும். மெல்லிய நைட்ரைலை எம்டிசி ஓரிரு நிமிஷத்தில் ஊடுருவிடும், கிழியாததால் யாருக்கும் தெரியாது. லேமினேட் (பல அடுக்குப் படலம்) கையுறை உள்ளே, பிடிமானத்துக்கு நைட்ரைல் மேலே. பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கையுறையும் நல்லது, தண்ணீர் பட்டால் கரையும், கழுவிடாதீங்க.

மாஸ்க்கை விட முக்கியமானது ஏற்றும் முறை. வாக்குவத்தில் எம்டிசி அறை வெப்பத்திலேயே கொதித்து, ஆவி பம்பின் வெளியேற்றம் வழியே ஷெட்டுக்கே திரும்பும். டெஃப்லான் டயஃப்ரம் உள்ள காற்று பம்ப், டிரம் வாயில் அடைப்போடு டிப் பைப் (திரவத்துக்குள் இறங்கும் குழாய்), ரியாக்டர் வென்ட்டிலிருந்து டிரம்முக்கு ஒரு திரும்பு லைன். நைட்ரஜன் அழுத்தத்தில் டிரம்மைத் தள்ளாதீங்க, வெடித்துவிடும். ஆவி காற்றைப் போல 2.9 மடங்கு கனம். கூரை ஃபேனால் பயனில்லை, உறிஞ்சும் வாய் டிரம் மூடியை ஒட்டியும் தரைமட்டத்திலும் இருக்கணும்.

ஷிப்ட் சூப்பர்வைசர்
ஏர்லைன் வர ஒரு மாதம் ஆகும். அதுவரை?

சேஃப்டி ஆபீசர்
அதுவரை எம்டிசி பேட்ச்சை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. ஆர்டர் போடும்போதே கம்ப்ரஸர் காற்று இழுக்கும் வாய் எங்கே என்று பாருங்க. சால்வென்ட் யார்ட் பக்கமோ டீசல் ஜெனரேட்டர் பக்கமோ இருந்தால் ஏர்லைனே விஷத்தைக் கொண்டுவரும்.