புதுப்பிப்பு: தாழ்வாரத்து மிளகாய்ச் செடிக்கு எந்தத் தொட்டி?

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் சில்லி பாடி என்னும் சின்னக் கார மிளகாய் வளர்க்க மண்தொட்டியா, பிளாஸ்டிக்கா, துணிப்பையா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கடைசியில் வாங்கியது வெளிர்நிற பிளாஸ்டிக் தொட்டிதான். 12 லிட்டர், ஆழம் ஏறக்குறைய 30 செ.மீ. தொட்டிக்கு ஒரே செடி.

துணிப்பையில் வேர் சுற்றிச் சுருளாது, விளிம்பில் காற்றுப்பட்டுக் கிளைவிடும். உண்மைதான். ஆனால் எங்கள் மாடி வெயிலுக்கும் காற்றுக்கும் பை சீக்கிரம் காய்ந்துவிடும். காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்களுக்குச் சரிப்படாது. மண்தொட்டியும் ஓரங்கள் வழியே ஈரத்தை விடும், கனம் வேறு. கறுப்பு பிளாஸ்டிக் சூடேறி வேரை வாட்டும்.

அடியில் கல் பரப்பச் சொன்ன அண்ணனுக்கு: பரப்பவில்லை. கல்லுக்கு மேலிருக்கும் மண்ணிலேயே நீர் தேங்கும், வேருக்கு இடமும் குறையும். நல்ல துளைகளும் மண்ணில் கொஞ்சம் பெர்லைட்டும் (நீர் வடிய உதவும் இலேசான வெள்ளைத் துகள்) போதும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவில்லை, டெங்கிக் கொசு முட்டையிட அதில் தேங்கும் தண்ணீரே தாராளம். அப்புறம், தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டுமே, அதனால் சுவரோடு ஒட்டி நிற்கும் சதுரத் தொட்டி.

இப்போது பூ விட்டிருக்கிறது. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தவிர வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.