‘டிராக்நெட்’ 1967, எல்.எஸ்.டி. அத்தியாயம்: அந்தப் பையனைச் சட்டம் உண்மையிலேயே கைவிட்டதா?

கேள்வி – பழந்தொடர் வாசகர்

1967 ஜனவரி 12 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் வெளியான ‘டிராக்நெட்’ என்ற அமெரிக்கக் காவல்துறைக் கதைகளின் வண்ணத் தொடரின் முதல் அத்தியாயத்தை அண்மையில் பார்த்தேன். முகத்தின் ஒரு பாதியில் நீலமும் மறுபாதியில் மஞ்சளும் பூசிக்கொண்டு, தலையை மண்ணுக்குள் புதைத்துக் கிடக்கும் ஒரு பையனை சார்ஜன்ட் ஜோ ஃபிரைடேயும் (ஜாக் வெப்) அவருடன் பணியாற்றும் பில் கேனனும் (ஹாரி மார்கன்) பிடிக்கிறார்கள். அவன் எல்.எஸ்.டி. என்னும் மனமயக்கப் போதைப்பொருளை உட்கொண்டிருக்கிறான் என்பது தெரிந்தும், அதைத் தடைசெய்யும் சட்டம் லாஸ் ஏஞ்சலிஸில் அப்போது இல்லாததால், ஃபிரைடே அவன்மீது ‘601’ என்ற ஒரு பிரிவைப் பதிவு செய்கிறார். பையனோ விடுவிக்கப்படுகிறான். தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, அளவு மீறி உட்கொண்டு இறந்த நிலையில் அவனைக் கண்டெடுக்கிறார்கள்.

காவலர்களின் கைகள் அப்போது உண்மையிலேயே அவ்வளவு கட்டப்பட்டிருந்தனவா? அந்த 601 எத்தகைய பிரிவு? அக்காலச் சிறார் சட்டத்தை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 – சட்ட மாணவி

போதைப்பொருள் பற்றிய செய்தியில் கதை உண்மையிலிருந்து விலகவில்லை. கலிஃபோர்னியாவில் எல்.எஸ்.டி. வைத்திருப்பது 1966 அக்டோபர் 6 முதல்தான் குற்றமாயிற்று. அதை வைத்திருப்பதை நாடு முழுவதும் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1968 வரை வரவில்லை. ஆகவே 1966-இன் தொடக்கத்தில் ஒரு காவலர் அப்பொருளை வைத்திருந்ததற்காக எவரையும் சிறையிலடைத்திருக்க முடியாது.

ஆனால் 601 பற்றி அத்தியாயம் விட்டுச்செல்லும் எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கலிஃபோர்னியாவின் நலன் மற்றும் நிறுவனங்கள் சட்டத் தொகுப்பில் அடுத்தடுத்து மூன்று பிரிவுகள் இருந்தன. கவனிப்பாரற்ற பிள்ளைகளுக்கு 600, சட்டத்தை மீறிய பிள்ளைகளுக்கு 602. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 601-இல் குற்றம் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. பெற்றோர் சொல்லைத் தொடர்ந்து மீறுவதும், பள்ளிக்குச் செல்லாமல் திரிவதும் போதும். அவை கூட வேண்டாம், சோம்பலும் ஒழுக்கக்கேடும் மிக்க வாழ்க்கைக்குள் விழும் ‘அபாயத்தில்’ ஒரு பிள்ளை இருப்பதாக அதிகாரிகள் கருதினாலே அவனைச் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்தலாம். வயது வந்த ஒருவரை இத்தகைய காரணத்துக்காகத் தொட்டிருக்க முடியாது. கையில் கருவியே இல்லாதவர்களாகக் காவலர்களைக் காட்டும் இந்த அத்தியாயம், பிள்ளைகள்மீது மட்டும் பயன்படுத்தக்கூடிய, எல்லையே வகுக்கப்படாத ஒரு கருவியை ஃபிரைடேயின் கையில் கொடுத்துவிட்டு, அதன் தன்மையை ஒரு கணமும் ஆராயாமல் கடந்து செல்கிறது.

பதில் 2 – ஓய்வுபெற்ற ஆசிரியர்

முந்தைய பதிலின் சட்ட விளக்கத்தை மதிக்கிறேன். எனினும் அந்தப் பிரிவு வெறும் கொடுமைக்காக எழுதப்பட்டதன்று. 1899-இல் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் தோன்றியபோது, பெரியவர்களோடு பிள்ளைகளையும் ஒரே சிறையில் அடைத்துவந்த வழக்கத்தை ஒழிப்பதே நோக்கமாக இருந்தது. தண்டிப்பதற்கு மாறாக, தவறிப்போகும் பிள்ளைக்கு அரசே பெற்றோரின் இடத்தில் நின்று வழிகாட்ட வேண்டும் என்று எண்ணினார்கள். நிலைகுலைந்து கிடக்கும் ஒரு பையனைக் கண்ட பின்னும், அவன் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்று சொல்லிக் காவலர் விலகிச் செல்ல வேண்டுமா? ஃபிரைடேயின் முகத்தில் தெரியும் கவலை எனக்குப் பொய்யாகப் படவில்லை.

பதில் 3 – சட்ட மாணவி

நோக்கம் நல்லதாக இருந்தது என்பதில் ஐயா அவர்களோடு எனக்கு வேறுபாடு இல்லை. அந்த நோக்கம் நடைமுறையில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு, அத்தியாயம் ஒளிபரப்பாகி நான்கே மாதங்களில், 1967 மே 15 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கால்ட் வழக்கைப் பார்க்க வேண்டும்.

அரிசோனாவில் 1964 ஜூனில், அண்டை வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாக ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுச் சிறுவனைக் கைது செய்தார்கள். பெற்றோர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டில் ஒரு குறிப்புகூட எழுதி வைக்காமல் அவனை அழைத்துச் சென்றார்கள். விசாரணையில் வழக்கறிஞர் இல்லை. புகார் கொடுத்த பெண் ஒரு முறையேனும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. நடந்தவை எழுத்தில் பதிவாகவும் இல்லை. முடிவில், 21 வயதாகும் வரை அவனை அரசுச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்குமாறு நீதிபதி உத்தரவிட்டார். அதே செயலுக்கு வயது வந்தவருக்குக் கிடைக்கக்கூடிய தண்டனை 5 முதல் 50 டாலர் வரை அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை.

பிள்ளையின் நன்மைக்காக என்று சொல்லியே ஆறாண்டுகளைப் பறிக்க முடிந்தது. குற்றச்சாட்டை முன்கூட்டியே அறிவித்தல், வழக்கறிஞர், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தல், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருத்தல் ஆகிய உரிமைகள் பிள்ளைகளுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபோர்டஸ் எழுதிய தீர்ப்பு நிலைநாட்டியது. கலிஃபோர்னியா 1961-லேயே தன் சிறார் சட்டத்தைத் திருத்தி இவற்றில் சிலவற்றை வழங்கியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தொடரில் வரும் பையன் அரிசோனாவில் பிறந்திருந்தால் அவன் நிலை இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

பதில் 4 – ஊடக ஆய்வாளர்

இத்தொடர் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 34 உயிர்களைப் பலிகொண்ட 1965 ஆகஸ்டில் அந்நகரின் வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்துக்குப் பின் அத்துறையின் மதிப்பு கடுமையாகக் கேள்விக்குள்ளாகியிருந்த சூழலில்தான் ‘டிராக்நெட்’ மீண்டும் வந்தது. அப்படியிருக்க, காவலர் முந்திச் செல்கிறார், சட்டம் பின்தங்குகிறது என்ற கதை முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டதில் எனக்கு வியப்பில்லை. மருத்துவ நோக்கிலும் ஒரு திருத்தம் தேவை: எல்.எஸ்.டி. மட்டுமே உடலில் நஞ்சாகி உயிரைப் பறிப்பது மிக அரிது. அறிவு தடுமாறிய நிலையில் நேரும் விபத்துகளே பெரிய ஆபத்து.

பதில் 5 – பழந்தொடர் வாசகர்

அனைவருக்கும் நன்றி. அந்த 601-இன் ‘அபாய’ வாசகம் பின்னர் என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்ல முடியுமா?

பதில் 6 – சட்ட மாணவி

பொருள் வரையறையற்றது என்று 1971-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1974-இன் கூட்டாட்சிச் சிறார் நீதிச் சட்டமோ, குற்றம் புரியாத இத்தகைய பிள்ளைகளைப் பூட்டிய இல்லங்களிலிருந்து வெளியேற்றுவதை மாநிலங்களுக்கான நிதியுதவியின் நிபந்தனையாக்கியது. ஆசிரியர் ஐயா முன்பு கேட்ட கேள்விக்கு இதில் விடை இருப்பதாக நினைக்கிறேன்: காவலர் விலகிச் செல்ல வேண்டியதில்லை, அந்தப் பையனை மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் கொண்டு சேர்க்கலாம், அதற்கு அவனைக் கைதியாக்கத் தேவையில்லை.