தோட்டம் போச்சு, அரசாங்கம் வந்துச்சா? மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

ஒட்டுப்பால்:
வேலை விஷயத்தில் அரசாங்கத்தை நேருக்கு நேர் பார்த்த அனுபவம் யாருக்கெல்லாம் இருக்கிறது? மனு எழுதியது, உதவித்தொகை வாங்கியது, அலைந்து திரிந்தது, எதுவானாலும் எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம். முதலில் என்னுடையது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறி ஆள் குறைத்தபோது பட்டணத்துக்கு வந்தோம். ஓர் அரசாங்கப் பள்ளியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார், இன்றும் அதே பள்ளிதான். எந்தக் குழாய் எப்போது மக்கர் பண்ணும் என்பது அவருக்குத்தான் தெரியும். லீவு நாளில் ஏதாவது கூட்டம் என்றால் ஆபீசிலிருந்து அம்மாவுக்குத்தான் போன் வரும். ஆனால் சம்பளம் கொடுப்பது பள்ளியும் இல்லை, கல்வி அமைச்சும் இல்லை, குத்தகை எடுத்த கம்பெனி. குத்தகை முடிந்தால் கம்பெனி மாறும்.

கடைசியாக மாறியபோது அம்மாவை ஏற்றிவர நான் போயிருந்தேன். கேண்டீன் மேசையில் புதுக் கம்பெனி சூப்பர்வைசர் பாரங்களைப் பரப்பி வைத்திருந்தார். பழைய கம்பெனி பெயர் போட்ட டீசட்டையோடு நின்றபடியே புதுக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘வேலையில் சேர்ந்த தேதி’ கட்டத்தில் அன்றைய தேதி ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அம்மா, “நான் இங்க ரொம்ப வருசமா இருக்கேன் தம்பி” என்றார். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான்: “தெரியும்மா. ஆனா எங்க கம்பெனிக்கு நீங்க புது ஆள்.”

புது ஆள் என்றால் இதுதான் கணக்கு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி 2 வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டு விடுப்பு 8 நாள், 2 முதல் 5 வருடம் வரை 12, அதற்கு மேல் 16. மருத்துவ விடுப்பும் அதே மாதிரி 14, 18, 22. அம்மா 16 நாளைப் பார்த்ததே இல்லை, கம்பெனி மாறும்போதெல்லாம் 8க்கே வந்து நிற்பார். சம்பளமும் குறைந்தபட்சச் சம்பளம்தான். 2013இல் 900 வெள்ளி (ரிங்கிட்), 2022இல் 1,500, 2025இல் 1,700 என்று அரசாங்கம் ஏற்றியபோது ஏறியது, மற்றபடி அனுபவத்துக்காக ஒரு காசும் ஏறவில்லை. பள்ளி அரசாங்கத்தோடது, கடைசியில் சம்பளப் பணமும் அரசாங்கத்தோடது. முதலாளி மட்டும் அரசாங்கம் இல்லை.

வெட்டுக்காட்டுப் பேரன்:
அரசாங்கம் குத்தகைக்காரர் பின்னால் ஒளிந்துகொண்ட கதை உங்களுடையது. எங்கள் வீட்டுக்கு அது நேராகவே வந்தது, வேலையைப் பிடுங்க. தாத்தாவிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு, அதாவது குடியுரிமை இல்லாதவருக்கானது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று 1968இல் சட்டம் போட்டார்கள், 1969 மே கலவரத்துக்குப் பிறகு இறுக்கிப் பிடித்தார்கள். பிறந்ததிலிருந்து தோட்டத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர்களெல்லாம் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடந்தார்கள். தாத்தாவுக்கு பெர்மிட் கிடைத்தது. அவருடைய அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனவர்தான், திரும்பி வரவே இல்லை.

பழைய கிராணி:
தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் தோட்ட ஆபீசில் கிராணி, செக்ரோல் (ஆள் வருகை, கூலிப் பதிவேடு) எழுதியவன். அந்தக் காலத்தில் எங்களுக்கு அரசாங்கம் என்றால் தோட்டம்தான். வீடு, தண்ணீர், டிஸ்பென்சரி, ஆயாக்கொட்டகை (பிள்ளைக் காப்பகம்), கோயில் திருவிழாவுக்கு லோரி வரைக்கும் ஆபீசில் கேட்டால் கிடைக்கும். அசல் அரசாங்கம் தோட்ட வாசலுக்கு வெளியே நின்றது. அதனால் தோட்டத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெயருக்கு நேரே கோடு போட்டவன் நான்தான். கோடு விழுந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. 1954இல் ஆரம்பித்த தோட்டத் தொழிலாளர் சங்கமான என்யுபிடபிள்யு கூலிக்காகப் பேசியது, சில சமயம் வென்றும் வந்தது. ரப்பர் விலை இறங்கினால் எல்லாம் இறங்கும்.

தோட்டம் விற்கப்பட்டபோது பணிநீக்க இழப்பீட்டை நானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். 1980 விதிமுறைப்படி 5 வருடமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு 20 நாள் கூலி. ஒரு காசு குறையாமல் வந்தது. ஆனால் வேலையும் வீடும் ஒரே கடிதத்தில் போய்விட்டன. கூலிக்குத்தான் சட்டத்தில் கணக்கு உண்டு. வீட்டுக்கும் ஆயாக்கொட்டகைக்கும் கணக்கே கிடையாது. கம்பெனி கைவிட்ட இதையெல்லாம் யார் ஏற்றுக்கொள்வது என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

நிலம் கொடுக்க அரசாங்கத்துக்குத் தெரியாமலும் இல்லை. 1956இலேயே பெல்டா என்ற நில மேம்பாட்டு வாரியத்தை ஆரம்பித்துக் குடியேறியவர்களுக்கு நிலமும் வீடும் ஏற்பாடு செய்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோன நேரத்தில், 1960இல், நம்ம சுங்கை சிப்புட் எம்பி துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய காசில் தோட்டம் வாங்கியது. அங்கே அரசாங்கப் பணம், இங்கே பால்வெட்டுக்காரன் பணம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், எனக்கும் வயதாகிவிட்டது.

கையுறை அக்கா:
எல்லாரும் குறையே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 2023இல் கையுறைத் தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள், நானும் ஒருத்தி. சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதிக்கு மனுப் போட்டேன். முதல் மாதம் சம்பளக் கணக்கில் 80 சதவீதம், அடுத்த மாதம் 50, அப்புறம் 40, 40, 30, 30 என்று இறங்கும். அதிகபட்சம் 6 மாதம். இதற்காக நான் கட்டிவந்தது சம்பளத்தில் 0.2 சதவீதம், கம்பெனி 0.2. சம்பளச் சீட்டில் அந்தச் சில வெள்ளியைப் பார்த்து எத்தனை தடவை முணுமுணுத்திருப்பேன்! அந்தப் பணம் வந்ததால்தான் கார் தவணை நிற்கவில்லை. 1998 பொருளாதார நெருக்கடியின்போதே மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் கேட்ட திட்டமாம், சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 2018இல்.

வேலை தேடிக் கொடுப்பதில்தான் இழுபறி. ஆலோசகர் தங்கமான பெண், வாரம் தவறாமல் போன் பண்ணுவார். அவர் காட்டியதெல்லாம் பினாங்கில், இல்லாவிட்டால் ஈப்போவுக்கு அந்தப் பக்கம். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? கிராணி ஐயா சொன்ன ஆயாக்கொட்டகை அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒட்டுப்பால்:
அக்கா, உங்களுக்குக் கிடைத்ததில் சந்தோஷம். அம்மாவோடு வேலை செய்த ஒருவரைப் புதுக் கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை. மனுப் போட்டார், தள்ளுபடி. அவர் கையெழுத்துப் போட்டிருந்தது காலக்கெடு உள்ள ஒப்பந்தம். கெடு முடிந்து வீட்டுக்குப் போனால் அந்தச் சட்டப்படி வேலை இழப்பாகாது. காப்புறுதிப் பணம் மட்டும் மாதாமாதம் பிடித்தார்கள்.

ஓய்வு வாத்தியார்:
சமூக ஜனநாயகம் (சந்தை இருக்கட்டும், ஆளை அரசாங்கம் தாங்கட்டும் என்கிற கொள்கை) என்று வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன், இப்போதுதான் விளங்குகிறது. சுவீடன் தொழிற்சங்கத்தின் பொருளாதார வல்லுநர்கள் ரேனும் மெய்ட்னரும் 1951இல் வைத்த திட்டம் இதைத்தான் பேசியது: நொடிக்கிற கம்பெனியைத் தாங்கிப் பிடிக்க வேண்டாம், ஆளை விட்டுவிடாதே. பயிற்சி கொடு, ஊர் மாற உதவு, ஒரே வேலைக்கு எந்தக் கம்பெனியிலும் ஒரே கூலி. இந்தியாவில் 2005இல் கிராமக் குடும்பத்துக்கு வருடம் 100 நாள் வேலை என்று சட்டமே போட்டார்கள். நம் பள்ளிகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பள்ளி இருக்கிற வரைக்கும் கூட்டுகிற வேலையும் இருக்கும். அந்த ஆளை அரசாங்கமே நேராக வேலைக்கு வைத்தால் என்ன?

பழைய கிராணி:
ஏற்கெனவே அரசு ஊழியர் ஏறக்குறைய 16 லட்சம் பேர், பென்ஷன் பாரம் தாங்கவில்லை என்பார்கள் வாத்தியாரே.

ஓய்வு வாத்தியார்:
பென்ஷன் வேண்டாம், இபிஎப் (ஊழியர் சேமநிதி) போதும். கம்பெனிக்குப் போகிற லாபத்தை மிச்சப்படுத்தி அந்தம்மாவுக்கு 16 நாள் லீவு கொடுங்கள். சேர்ந்த தேதியையாவது மாற்றாதீர்கள்.

சாலாக் வடக்கு:
எங்கள் அண்ணி ஒரு அரசாங்க ஆபீசில் துப்புரவு வேலை. வருகிற மாதம் குத்தகை முடிகிறதாம். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

ஒட்டுப்பால்:
முதலில் ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், நிறுத்தும்போது ஆள் குறைப்பு என்று காரணம் எழுதிக் கடிதம் கேட்டு வாங்குங்கள். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சொக்சோவில் மனுப் போட வேண்டும். இபிஎப் கணக்கறிக்கையையும் எடுத்து வையுங்கள், எந்த மாதம் எந்தக் கம்பெனி பணம் கட்டியது என்று அதில் இருக்கும். பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். எங்கள் அம்மாவின் சீட்டுகளில் மூன்று கம்பெனி பெயர் இருக்கிறது, பள்ளி ஒன்றுதான். அதையெல்லாம் நகல் எடுத்துத் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.