பொருள்: பகலில் அடக்கமாட்டாத தூக்கம் வரும் நோய்க்குத் தமிழ்ச்சொல், வியாழனுக்குள் வேண்டும்

வெண்ணாறு, நீடாமங்கலம்

ஆற்றுப் பெயர்களில் மடல் எழுதும் நம் குழுவினருக்கு வணக்கம். உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களுக்காகச் சிறு கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் ஓயாமல் தூங்கிவிழும் பிள்ளையைக் கண்டிப்பதா, மருத்துவரிடம் அனுப்புவதா என்பதுதான் விஷயம். வியாழக்கிழமை கும்பகோணத்தில் அச்சுக்குப் போகிறது. எனக்கு மூன்று சொற்கள் தேவை. நார்க்கோலெப்சி என்கிற நோய்க்கு ஒன்று. அந்த நோயில், சிரித்தால் முட்டி மடங்கி ஆள் உட்கார்ந்துவிடுவதைக் கேட்டப்ளெக்சி என்கிறார்கள், அதற்கு ஒன்று. விழித்த பிறகும் கைகால் அசைக்க முடியாமல் கிடக்கும் நிலைக்கு ஒன்று.

பக்கத்து ஊரில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் செருகும், பேனா மட்டும் கோடு இழுத்துக்கொண்டே போகும். வகுப்பு சிரித்தால் அவனும் சிரிப்பான். உடனே தாடை தொங்கும், கால் விட்டுப்போகும். முதலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பிறகு வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். சரியான பெயர் தெரிவதற்குள் வருடங்கள் போய்விட்டன. ஆசிரியர்களில் ஒருவருக்காவது இப்படி ஒரு நோய் இருப்பது தெரிந்திருந்தால் இவ்வளவு தள்ளிப்போயிருக்காது.

குடமுருட்டி, திருவையாறு

அம்மா, நல்ல வேலை. வேரிலிருந்து வருவோம். 1880-இல் ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இட்ட பெயர் இது. கிரேக்கத்தில் 'நார்க்கே' என்றால் மரமரப்பு, உணர்வற்ற விறைப்பு. 'லெப்சிஸ்' என்றால் பிடித்துக்கொள்ளுதல். தொட்டால் கையை மரக்கச் செய்யும் மின்சாரத் திருக்கை மீனுக்கும் கிரேக்கர்கள் நார்க்கே என்றே பெயர் வைத்தார்கள். தமிழில் இதற்கு நேர்ச்சொல் திமிர். 'கால் திமிர்த்துப் போயிற்று' என்று இன்றும் சொல்கிறோம். ஆகவே 'திமிர்ப்பிடி'.

அது வேண்டாமென்றால் 'தூங்கு' இருக்கிறது. அதன் முதற்பொருள் தொங்குதல். சோழர்களின் முன்னோன் 'தூங்கெயில் எறிந்த' செம்பியன். அங்கே எயில், அதாவது மதில், உறங்கவில்லை, வானில் தொங்கியது. தூங்கானைமாடம், வஞ்சிப்பாவின் தூங்கலோசை எல்லாம் அந்த அசைவின் வழியே வந்தவை. ஏணையில் தொங்கும் பிள்ளை உறங்குவதால் தொங்குதல் உறங்குதல் ஆயிற்று என்பது என் நெடுநாள் கருத்து. இதை விரித்துத் தனி மடலாக எழுதுகிறேன்.

கடுவையாறு, நாகப்பட்டினம்

ஐயா, 'திமிர்ப்பிடி' என்று அச்சடித்தால் மறுநாளே அந்தப் பையன் திமிர் பிடித்தவன் ஆகிவிடுவான். 'தூங்கு' என்று தொடங்கும் எதுவும் வேண்டாம். பள்ளி வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரமே அவனுக்குப் போதுமான தொல்லை.

நார்க்கோலெப்சி என்றே எழுதுங்கள். ஆஸ்துமா, டெங்கு, கேன்சர் என்று நம் ஆத்தா அப்பன் சொல்லவில்லையா? மருத்துவர் சீட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும். கைபேசியில் தேடுகிற தாய்க்கும் அதுதான் கிடைக்கும்.

குடமுருட்டி

தம்பி, 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்று தொல்காப்பியர் வாசலைத் திறந்துதான் வைத்தார். ஆனால் வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும். 'கேட்டப்ளெக்சி'யை எந்தப் புணர்ச்சியில் சேர்ப்பீர்கள்? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், நூல்களும் பெயர்த்தார். வந்தவருக்கு இருந்த அக்கறை நமக்கு வேண்டாமா?

அரசலாறு, கும்பகோணம்

வணக்கம். மருத்துவராக ஒன்று சொல்கிறேன். சொல்லுக்கு முன் நோய் என்னவென்று ஒத்துக்கொள்வோம். இதை 'அதிகத் தூக்கம்' என்று நினைத்தால் எந்தச் சொல்லும் தவறாகத்தான் அமையும்.

மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில், ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் சில பத்தாயிரம் உண்டு. 1998-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்ததால் அதற்கு ஹைப்போகிரெட்டின் என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. விழிப்பை நிலையாகப் பிடித்து வைப்பது அதன் வேலை. கேட்டப்ளெக்சியோடு வரும் முதல் வகையில் இந்தச் செல்கள் பெரும்பாலும் அழிந்துபோகின்றன. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அவற்றைத் தாக்குகிறது என்பதுதான் இப்போது வலுவான கருத்து. மதகுப் பலகையை ஏற்றிப் பிடிக்கும் கொக்கி தேய்ந்தால் பலகை நினைத்த நேரத்தில் விழும், நினைத்த நேரத்தில் ஏறும். இங்கே நடப்பதும் அதுதான். பகலில் விழிப்பு நிற்பதில்லை. இரவில் தூக்கமும் நிற்பதில்லை, அடிக்கடி முறியும். நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக அதிகம் தூங்குவதும் இல்லை.

சாதாரணமாகக் கனவுத் தூக்கம் வர ஏறத்தாழ 90 நிமிடம் ஆகும். இவர்களுக்கு 15 நிமிடத்துக்குள் வந்துவிடும். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடாதபடி உடல் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்வு விழித்திருக்கும்போதே புகுந்தால் கேட்டப்ளெக்சி. விழித்த பின்னும் விலகாவிட்டால் உங்கள் மூன்றாவது நிலை. அதற்கு ஊரில் பெயர் இருக்கிறதே, அமுக்குவான் பேய் என்று.

'வலிப்பு' என்ற சொல்லை மட்டும் எந்த வடிவிலும் சேர்க்காதீர்கள். கேட்டப்ளெக்சியில் நினைவு தப்புவதில்லை. பேச்சு காதில் விழும், பதில் சொல்ல வாய் வராது. சில நொடியில், மிஞ்சினால் ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும்.

வெண்ணாறு

மிக்க நன்றி டாக்டர். மூன்றாவதை முடித்துவிடலாம். 'துயில் முடக்கம், ஊரில் அமுக்குவான் பேய் என்பது இதைத்தான்' என்று எழுதிவிட்டேன். யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

குடமுருட்டி

மறுப்பில்லை. முதலாவதற்கு வருகிறேன். ஆண்டாள் திருப்பாவையில், எழுப்பியும் எழாத தோழியை 'ஆற்ற அனந்தல் உடையாய்' என்கிறாள். ஆற்ற என்றால் மிக. அனந்தல் என்றால் தூக்கமும் மயக்கமும் கலந்த நிலை. மருத்துவர்கள் 'மிகையான பகல் தூக்கம்' என்று சுற்றிச் சொல்வதை அவள் இரண்டே சொல்லில் சொல்லிவிட்டாள். மார்கழியில் நம் ஊர்க் கோயில் ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் கேட்கிற சொல். 'அனந்தல் நோய்' என்று வையுங்கள்.

கடுவையாறு

அதே பாட்டில் கும்பகருணனும் வருகிறானே ஐயா. பையனுக்கு அந்தப் பட்டமும் சேரும்.

குடமுருட்டி

அடுத்த சொல்லைப் படியுங்கள், 'அருங்கலமே' என்கிறாள். தூங்குகிறவளை அருங்கலம் என்று விளிக்கிற மொழி இது.

வெட்டாறு, திருவாரூர்

'துஞ்சுநோய்' எப்படி? சுருக்கம், தூய தமிழ்.

குடமுருட்டி

துஞ்சுதல் இறத்தலும் ஆகும். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று நம் சோழர்களையே அப்படித்தானே குறித்திருக்கிறார்கள்? பெற்றோர் பயந்துவிடுவார்கள்.

வெட்டாறு

சரி. எங்கள் பக்கம் பேச்சில் 'தூக்கம் சொக்குது' என்போம். 'சொக்குநோய்' என்றால் யாருக்கும் விளங்கும்.

வெண்ணாறு

விளங்கும், ஆனால் வேறு மாதிரி. யாரோ சொக்குப்பொடி வைத்துவிட்டார்கள் என்றுதான் அந்தப் பையனின் அம்மா முதலில் நம்பினார். அந்தச் சொல்லை நானே கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன்.

பாமணியாறு, மன்னார்குடி

அனைவருக்கும் வணக்கம். இங்கே அதிகம் எழுதியதில்லை. எனக்கு இந்த நோய் இருக்கிறது, பள்ளி நாளிலேயே தொடங்கியது. அதனால் எழுதுகிறேன்.

குடமுருட்டி ஐயா, அனந்தல் அழகான சொல். ஆனால் நான் மேலதிகாரியிடம் போய் 'எனக்கு அனந்தல்' என்று சொன்னால் அவர் காதில் 'எனக்குத் தூக்கம்' என்றுதான் விழும். 'உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு, எனக்கும்தான் தூக்கம் வருது' என்பார். பல வருடம் இதைத்தான் கேட்டேன். என் தூக்கம் அந்த வகை அல்ல. நின்றுகொண்டே வரும், பேசிக்கொண்டே வரும். கல்யாணப் பந்தியில் மாமா ஒரு கதை சொன்னால் சிரிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிரித்தால் கையிலிருக்கும் டம்ளர் விழும் என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் என்னை உம்மணாமூஞ்சி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இப்போது மொடாஃபினில் என்ற விழித்திருக்க உதவும் மாத்திரை சாப்பிடுகிறேன். மதியம் சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம் அலுவலகத்திலேயே படுத்து எழுகிறேன். அதற்கு மேலதிகாரியிடம் மருத்துவர் சீட்டைக் காட்டி அனுமதி வாங்கினேன். நோய் கட்டுக்குள் வரும் வரை வண்டி ஓட்டவில்லை. ஆற்றில் தனியாக இறங்குவதில்லை. பம்புசெட்டு பெல்ட் பக்கம் போவதில்லை. டீச்சர், கையேட்டில் இவற்றை எழுதுங்கள். வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்கு மிகவும் தேவை.

சொல்லைப் பொறுத்தவரை, டாக்டர் சொன்ன 'விழிப்பு' அதில் இருக்க வேண்டும். தூக்கம் என்ற பேச்சே வேண்டாம்.

அரசலாறு

தம்பி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 'விழிப்புத் தளர்ச்சி' என்று முன்மொழிகிறேன்.

கடுவையாறு

தளர்ச்சி வேண்டாம் டாக்டர். பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் 'நரம்புத் தளர்ச்சிக்கு அணுகவும்' என்று எழுதி அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள். தமிழ் வேண்டுமென்றால் 'விழிப்புச் சரிவு' என்று வைக்கலாம். முன்னால் 'நார்க்கோலெப்சி என்னும்' என்று சேர்த்தால் எனக்கு மறுப்பில்லை.

குடமுருட்டி

சரிவு பங்குச்சந்தைச் சொல். அதோடு, விழிப்பு என்றால் விழிப்புணர்வு, எச்சரிக்கை என்றெல்லாம் விரியும். துயிலைத் தள்ளிவிட்டுத் துயில்நோய்க்குப் பெயரா?

அரசலாறு

ஐயா, நீங்கள் சொல்லும் துயிலை வள்ளுவர் எங்கே வைத்தார்? மடியின்மையில், 'நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்.' துயில் மடியோடு, அதாவது சோம்பலோடு, ஒட்டிக்கொண்டே வருகிறது. இந்தப் பிள்ளைகளை மடியிலிருந்து பிரிக்கத்தானே பாடுபடுகிறோம்?

குடமுருட்டி

நல்ல அடி. ஆனால் தொல்காப்பியர் பிரித்தார். மெய்ப்பாட்டியலில் எண்ணும்போது துஞ்சலைத் தனியே, கனவைத் தனியே, மடிமையைத் தனியே வைக்கிறார். தூங்குவது வேறு, சோம்பல் வேறு என்பது நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. கையேட்டின் முதல் பக்கத்தில் இதைப் போட்டாலே தமிழாசிரியர்கள் படிப்பார்கள்.

அங்கேயே உங்கள் இரண்டாவது சொல்லும் கிடக்கிறது. 'நகையே அழுகை இளிவரல் மருட்கை' என்று எட்டு மெய்ப்பாடுகளும் தொடங்கும்போது முதலில் நிற்பது நகை. உள்ளத்தில் எழுந்தது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. நகையால் முட்டி மடங்குவதற்கு 'நகைத்தளர்வு' என்பதைவிட வேறென்ன வேண்டும்?

அரசலாறு

மடலைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நகை மட்டுமல்ல ஐயா. உவகை, மருட்கை, வெகுளி எல்லாமே தூண்டும். எதிர்பாராமல் பழைய நண்பனைக் கண்டாலும் வரும். 'மெய்ப்பாட்டுத் தளர்வு' என்றால் முழுமை.

வெண்ணாறு

கணக்கு ஆசிரியருக்கு மெய்ப்பாடு தெரியாதே டாக்டர். 'சிரிப்புத் தளர்வு' என்று போடட்டுமா?

கடுவையாறு

சிரிப்புத் தளர்வு என்றால் சிரிப்பு தளர்ந்தது என்று ஆகும். 'உணர்ச்சித் தளர்வு' என்றாலும் அதே சிக்கல், மனசு சோர்ந்தவன் என்பார்கள்.

வெட்டாறு

இடையில் ஒன்று. திருக்கண்ணங்குடியில் 'உறங்காப்புளி, தோலா வழக்கு, ஊறாக் கிணறு, காயா மகிழ்' என்பார்கள். திருமங்கையாழ்வார் தங்கத்தைப் புதைத்து, காவலுக்குப் புளியமரத்தை உறங்காமல் இருக்கச் சொன்னார் என்பது கதை. புளி இரவில் இலை கூம்பும் மரம். 'உறங்கு' என்பதில் விழிப்பையும் சேர்த்துப் பார்க்கும் மரபு நமக்கு இருந்திருக்கிறது. 'உறக்கம்' என்ற பகுதியை ஏன் யாருமே எடுக்கவில்லை?

குடமுருட்டி

'உறங்கு' என்பதன் வேர் 'உறு' என்பது என் எண்ணம். உறுதல் என்றால் அடைதல்...

வெண்ணாறு

ஐயா, மன்னியுங்கள். வேரை வெள்ளிக்கிழமை பார்ப்போம், அச்சகத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். டாக்டர், எப்போது அனுப்ப வேண்டும் என்ற பகுதிக்கு மட்டும் நாலு வரி கொடுங்கள்.

அரசலாறு

எழுதிக்கொள்ளுங்கள். இரவில் போதுமான அளவு தூங்கியும் மூன்று மாதத்துக்கு மேல் பகலில் தூக்கம் அடக்க முடியாமல் வந்தால் அனுப்புங்கள். சிரிக்கும்போது தளர்வு இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். ஆனால் தூங்கிவிழும் பிள்ளையெல்லாம் இந்த நோயாளி அல்ல. பெரும்பாலும் இரவுத் தூக்கம் போதாததுதான் காரணம், முதலில் கைபேசி எத்தனை மணிக்கு அணைகிறது என்று கேளுங்கள். பெருங்குறட்டை, தைராய்டு, இரத்தசோகை, சளி மாத்திரை என்று வேறு காரணங்களும் உண்டு.

1991-இல் வந்த எப்வொர்த் அளவுகோல் பெரியவர்களுக்கானது. 8 சூழல்களுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், கூட்டினால் 24. 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். அது நோயை உறுதி செய்யாது. ஓர் இரவு முழுக்கத் தூக்கத்தைப் பதிவுசெய்து, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கவைத்து எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறார் என்று பார்ப்பார்கள். சராசரி 8 நிமிடமோ அதற்குக் குறைவோ இருந்து, இரண்டு முறையாவது கனவுத் தூக்கம் முந்தி வந்தால் உறுதியாகும். முற்றிலும் குணமாக்க இன்று வழியில்லை. மருந்தோடும் திட்டமிட்ட குட்டித் தூக்கத்தோடும் படிக்கலாம், வேலை பார்க்கலாம்.

வெண்ணாறு

அனுப்பிவிட்டேன். 'நார்க்கோலெப்சி என்னும் விழிப்புச் சரிவு' என்று தலைப்பில் ஒருமுறை, பிறகு உள்ளே விழிப்புச் சரிவு. பெரும்பான்மை அப்படித்தான் வந்தது, எல்லாரும் களைத்தும் போனோம். கேட்டப்ளெக்சிக்கு 'மெய்ப்பாட்டுத் தளர்வு' என்று போட்டு, சிரிப்பு, வியப்பு, கோபம் எழும்போது நினைவு தப்பாமலே தசை தளர்வது என்று விளக்கம் சேர்த்தேன். பாமணியாறு தம்பி சொன்ன வண்டி, ஆறு, பம்புசெட்டு மூன்றும் பெட்டிச் செய்தியாக வருகின்றன. தேர்வறையில் இடையே சிறிது நேரம் தூங்க அனுமதி கேட்கும் விண்ணப்ப மாதிரியும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

பாமணியாறு

நன்றி டீச்சர். தலைப்பில் 'நோய்' என்று சேர்க்காததற்கும்.

குடமுருட்டி

மெய்ப்பாட்டுத் தளர்வை ஏற்கிறேன். விழிப்புச் சரிவுக்கு என் மறுப்பைக் குழுவின் பதிவில் வையுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது அனந்தலை மீண்டும் கொண்டுவருவேன்.