புதுப்பிப்பு: கிளார்க் சகோதரிகளும் அவர்களுடைய அம்மாவும்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கிளார்க் சகோதரிகள் பாடும் நற்செய்திப் பாடல்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அந்தக் குரல் இசைவு எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அம்மா மாட்டி மாஸ் கிளார்க்கிடமிருந்துதான். பெந்தெகொஸ்தே சபைப் பாடகர் குழுக்களுக்கு சோப்ரானோ (மேல் குரல்), ஆல்டோ (நடுக் குரல்), டெனர் (கீழ்க் குரல்) என்று குரல் பிரித்துச் சொல்லிக்கொடுத்தவர். புதுப் பாட்டு மனதில் வந்துவிட்டால் நடுராத்திரியிலும் பிள்ளைகளை எழுப்பிப் பாட வைப்பாராம்! சகோதரிகளில் ட்விங்கி, ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கனை வாசிக்க, இன்னொரு சகோதரி கேரனின் குரல் மேலே ஏற, மற்றவர்கள் கீழே தாங்கிப் பிடிப்பார்கள். எனக்கு அது கச்சேரியாகத் தெரியவில்லை, ஜெபமாகவே கேட்கிறது. அம்மா 1994-இல் காலமானார். சகோதரிகளுக்கு 2024-இல் கிராமி வாழ்நாள் சாதனை விருது கிடைத்தது. சரி, புதிதாகக் கேட்பவர்கள் அவர்களுடைய நேரடிப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள்.