கிளையன்ட் ஃபைலில் மட்டும் லிஸ்ப் சொதப்புகிறது: வால்வு டேக்குக்குப் பதில் "0" விழுகிறது

திருவொற்றியூர் டிராஃப்டர்:
ஆட்டோகேட் 2022 (வரைபட மென்பொருள்). பைப்பிங் பிளானில் இருக்கிற வால்வு பிளாக்குகளை (ஒரே பொருளாகச் சேமித்த குறியீட்டுப் படங்கள்) எடுத்து, அட்ரிபியூட்டில் (பிளாக்கோடு வரும் எழுத்து விவரம்) உள்ள டேக் நம்பரைப் படித்து, வால்வுக்கு மேலே 250 தள்ளி எழுதுகிற லிஸ்ப் (ஆட்டோகேடுக்குள் ஓடும் சிறு நிரல்). ஸ்கேல் 1:50, அதனால் எழுத்து உயரம் 125. எழுதுகிற வரி: கமாண்ட், டெக்ஸ்ட், பாயின்ட், 125, 0, டேக்.

எங்கள் டெம்ப்ளேட்டில் சுத்தமாக ஓடுகிறது. மணலி வேலைக்கு வந்த கிளையன்ட் ஃபைல்களில் டேக் வருவதில்லை. சாய்ந்த ஒரு "0" மட்டும் விழுகிறது, கீழே "அன்நோன் கமாண்ட்" என்று டேக் நம்பரையே காட்டுகிறது. ஒரு ஷீட்டில் டேக் சரியாக வந்தாலும் பக்கத்து பைப் லைனின் முனையில் போய் ஒட்டுகிறது. இன்னொன்றில் 48 வால்வில் 31-தான் கிடைக்கிறது. வேறொன்றில் "பேட் ஆர்க்யுமென்ட் டைப்: எல்செல்செட்பி நில்". நடுவில் எஸ்கேப் அடித்தால் ஆஸ்னாப் (பக்கத்துக் கோட்டின் முனை போன்ற இடத்தில் பாயின்ட்டை ஒட்டவைக்கும் வசதி) எல்லாம் ஆஃப் ஆகிவிடுகிறது. நாளை மாலைக்குள் ஃபேப்ரிகேஷனுக்கு ஷீட் போக வேண்டும்.

எண்ணூர் பைப்பிங்:
அந்த "0"-ஐ செலக்ட் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல ரொட்டேஷன் பாருங்க, 125 இருக்கும். கிளையன்ட்டோட டெக்ஸ்ட் ஸ்டைல்ல உயரம் ஃபிக்ஸ் பண்ணி வெச்சிருக்காங்க. ஸ்டைல் உயரம் 0-ஆ இருந்தாதான் டெக்ஸ்ட் கமாண்ட் உயரம் கேக்கும். இல்லேன்னா நேரா ரொட்டேஷனுக்குப் போயிடும். உங்க 125 ரொட்டேஷனா போச்சு, 0 எழுத்தா போச்சு, மிச்சமிருந்த டேக்கை புது கமாண்டுன்னு நினைச்சு ஆட்டோகேட் தேடுது.

ஸ்டைல் உயரத்தை 0 ஆக்கினா வேலை நடக்கும். ஆனா கிளையன்ட் ஃபைல்ல அவங்க ஸ்டைலைத் தொடாதீங்க, திருப்பி அனுப்புறப்போ ஸ்டாண்டர்டு செக்ல நிக்கும். கமாண்ட் வரியைத் தூக்கிட்டு என்ட்மேக்எக்ஸ் (பொருளை நேரடியா உருவாக்குற லிஸ்ப் ஃபங்ஷன்) போடுங்க. ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கோட் எண்: 0-க்கு டெக்ஸ்ட், 8-க்கு லேயர், 7-க்கு ஸ்டைல், 10-க்கு பாயின்ட், 40-க்கு 125.0, 1-க்கு டேக். இது எந்த ப்ராம்ப்ட்டும் கேக்காது, ஸ்டைல்ல என்ன உயரம் இருந்தாலும் 40-ல சொன்னதைத்தான் எடுக்கும்.

பைப் முனையில ஒட்டுறதும் இதோட போயிடும். கமாண்ட் வழியா கொடுக்குற பாயின்ட்டை ஓடிட்டிருக்கிற ஆஸ்னாப் இழுக்கும். அப்பர்ச்சர் (ஆஸ்னாப் தேடுற பெட்டி) பிக்சல் கணக்கு, அதனால ஜூம் அவுட்ல இருக்கும்போது இழுக்குற தூரம் ரொம்ப அதிகம். ஒரே ஃபைல் ஒரு தடவை சரியா வந்து இன்னொரு தடவை தப்பா வர்றதுக்கு இதுதான் காரணம். வேற எங்கயாவது கமாண்ட் விட முடியலைன்னா, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் முன்னாடி "_non" (ஆஸ்னாப் வேண்டாம்னு அர்த்தம்) சேருங்க.

தண்டையார்பேட்டை கேட்:
31 மட்டும் கிடைப்பது டைனமிக் பிளாக் விவகாரம். கிரிப்பைப் பிடித்து அளவை மாற்றிய பிளாக்கின் பெயர் உள்ளுக்குள் நட்சத்திரக்குறி, யூ, ஒரு எண் என்று மாறிவிடும். உங்கள் ஃபில்டர் பழைய பெயரையே தேடுகிறது. ஃபில்டரில் நட்சத்திரம்-யூ பெயர்களையும் சேருங்கள். அந்த நட்சத்திரத்துக்கு முன் பேக்கோட் (`) கட்டாயம், இல்லாவிட்டால் அது வைல்டுகார்டாகி (எந்த எழுத்துக்கும் பொருந்தும் குறி) யூ எழுத்துள்ள பெயர்களெல்லாம் உள்ளே வரும். பிறகு ஒவ்வொன்றுக்கும் எஃபெக்டிவ்நேம் (பிளாக்கின் அசல் பெயர்) பார்த்து வால்வு அல்லாததைக் கழியுங்கள். அதைப் படிக்க, லிஸ்ப் ஃபைலின் தலையில் விஎல்-லோட்-காம் இருக்க வேண்டும்.

பிளாக்குகளைத் தேடித் தரும் எஸ்எஸ்கெட் "எக்ஸ்" எல்லா லேஅவுட்டையும் துழாவும். ஃபில்டரில் 410-க்கு சிடேப் (இப்போது திறந்துள்ள லேஅவுட்டின் பெயர்) மதிப்பைக் கொடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் எஸ்எஸ்கெட் நில் (ஒன்றுமில்லை) தரும். அதை, எண்ணிக்கை சொல்லும் எஸ்எஸ்லெங்த்துக்கு அனுப்பினால்தான் எல்செல்செட்பி எரர். இஃப் போட்டு, "வால்வு பிளாக் இல்லை" என்று பெயரோடு சொல்லவையுங்கள்.

எஸ்கேப்புக்கு: உங்கள் ஃபங்ஷனுக்குள்ளேயே எரர் ஹேண்ட்லர் (பிழையோ எஸ்கேப்போ வந்தால் ஓடும் பகுதி) வைத்து, அதில் பழைய ஆஸ்மோடை (ஆஸ்னாப் அமைப்பின் மதிப்பு) திருப்பி வையுங்கள். ஹேண்ட்லரின் பெயரை லோக்கல் வேரியபிள் பட்டியலில் சேர்க்கத் தவறாதீர்கள். தவறினால் மற்ற லிஸ்ப்களின் எரரும் இதற்குள் வந்து விழும். 2015 முதல் ஹேண்ட்லருக்குள் கமாண்ட் அப்படியே ஓடாது, கமாண்ட்-எஸ் போடுங்கள். ஆஸ்மோட் போன்ற மதிப்பை மாற்றும் செட்வாருக்கு அந்தத் தடை இல்லை.

திருவொற்றியூர் டிராஃப்டர்:
ரொட்டேஷன் 125-தான் சார்! 48-ம் கிடைத்தது. பெரிய நன்றி. ஒரு ஷீட்டில் மட்டும் டேக் வால்வு பக்கத்திலேயே வந்தாலும் எழுத்து ஷீட்டுக்குச் சாய்வாக நிற்கிறது.

எண்ணூர் பைப்பிங்:
பிளான்ட் நார்த்துக்கு (பிளான்ட்டுக்குன்னு வெச்சுக்கிட்ட வடக்கு) யூசிஎஸ்ஸை (நாமளே திருப்பி வெக்கிற எக்ஸ்-ஒய் அச்சு) திருப்பி வெச்ச ஷீட் அது. என்ட்மேக்எக்ஸ் யூசிஎஸ்ஸைப் பாக்காது. பிளாக்கோட 10 மதிப்பும் யூசிஎஸ் கணக்கு இல்ல, அதனால இடம் சரியா விழுது. சாய்வை நீங்கதான் கொடுக்கணும். யூசிஎஸ்எக்ஸ்டிர் (யூசிஎஸ்ஸோட எக்ஸ் அச்சின் திசை) எடுத்து, 0,0,0-லிருந்து அதுக்கு ஆங்கிள் கண்டுபிடிச்சு 50-ல (ரொட்டேஷன் கோட்) போடுங்க, ரேடியன்லயே இருக்கட்டும். 250 தள்ளுறதையும் ஒய்-ல கூட்டாம, அந்த ஆங்கிளோட பை/2 (90 டிகிரி) சேர்த்து போலார்ல (ஆங்கிளும் தூரமும் வெச்சு பாயின்ட் கண்டுபிடிக்கிற ஃபங்ஷன்) தள்ளுங்க.

யூசிஎஸ் வேர்ல்டுலயே இருந்து வியூ மட்டும் திரும்பியிருந்தா, 50-க்கு வியூட்விஸ்ட்டோட (வியூ திரும்பின கோணம்) மைனஸ் மதிப்பு. டேக்கை நடுவுல நிறுத்த 72, 73 (அலைன்மென்ட் கோடுகள்) கொடுத்தீங்கன்னா 11-லயும் அதே பாயின்ட்டைக் கொடுக்கணும், இடத்தை அப்போ 11-தான் தீர்மானிக்கும்.